இரண்டாவது அடி

எலும்பு ஒடிந்தால் என் மகள் நாகஜோதி அழமாட்டாள். அழுவதற்கு நான் இருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான். அருப்புக்கோட்டை காலேஜில் பி.காம். சீட்டு வாங்கிக்கொண்டு, திருச்சுழியைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் விஜயபாண்டி ஜீப்பை ஓட்டினார். பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே அவள், பக்கத்தில் நான். ஓடைப்பாலத்தில் ஏறி இறங்கும்போது வண்டி ஒரு குதி குதித்தது. பெரிய குதி என்று சொல்லமாட்டேன், தினமும் குதிக்கிற குதிதான்.

"எம்மா, தோள்ல போயிருச்சு" என்றாள். பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அவளுக்குப் பிறவியிலேயே எலும்பு இறுகாத உடம்பு. பிறந்த அன்றைக்கே தொடை ஒடிந்திருந்தது. எனக்கு முதலில் மகள் முகத்தைக் காட்டவில்லை, எக்ஸ்ரேயைத்தான் காட்டினார்கள். தும்மி விலா ஒடிந்திருக்கிறது, புரண்டு படுத்துக் கை ஒடிந்திருக்கிறது. பதினேழு வயதில் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். கண்ணின் வெள்ளையில் லேசாக நீலம் ஓடும். அந்த வியாதிக்காரர்களுக்கு அப்படி இருக்குமாம். உடம்பில் கெட்டியானது அவள் நாக்கு ஒன்றுதான். ப்ளஸ் டூ வரை உள்ளூர்ப் பள்ளிக்கூடம், தள்ளிக்கொண்டே போய்விட்டு வந்துவிடலாம். காலேஜ் அப்படி இல்லை.

டவுனிலேயே வீடு எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படி இல்லாத, நாற்காலி நுழைகிற அளவுக்குக் கதவு இருக்கிற ஒரு கீழ்வீட்டை எங்கள் சம்பளத்துக்குக் காட்டுங்கள், இன்றைக்கே சட்டி பானையோடு வந்துவிடுகிறோம். பஸ்ஸிலும் அவளை ஏற்ற முடியாது. இருப்பது இந்த ஜீப் ஒன்றுதான். நாகஜோதியைவிட வயதில் மூத்த வண்டி. காலையில் என்னையும் எங்கள் பக்கத்துப் பெண்களையும் தறிக்கும் மில்லுக்கும் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவதுதான் அதன் பிழைப்பும் எங்கள் பிழைப்பும்.

தோளைக் கட்டிப் படுக்கவைத்த அன்றைக்கே நான் முடிவைச் சொல்லிவிட்டேன்.

"காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ உசுரோட இருந்தாப் போதும்."

"எலும்பு கூடிரும்மா. சீட்டு போனா கூடாது."

"வாயை மூடு."

"வாயிலயும் கட்டுப் போட்டு விடு."

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும் என்பார்கள். அன்றைக்கு எங்கள் தெரு முழுக்கப் பாத்திரம் பேசியது. விஜயபாண்டி வாசலில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்காகவே அந்த வருஷம் ஸ்பிரிங் மாற்றினார், ஷாக் அப்சார்பர் மாற்றினார், டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். அத்தனையும் செய்தும் குலுக்கல் மட்டும் அப்படியே இருந்தது. ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். ரோட்டைத் திட்டுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துக் கட்டிலில் படுத்தபடியே அவரைக் கூப்பிட்டாள்.

"எப்பா, ரோடு இல்லப்பா. வண்டி ரெண்டு தடவை அடிக்குது."

"ரெண்டு தடவையா?"

நல்ல கையை உயர்த்திக் காட்டினாள். "மொதல்ல சக்கரம் எறங்குது. அது ஒண்ணும் செய்யல. நீங்க மாத்துன ஸ்பிரிங்கு அதை வாங்கிக்கிருது. கண்ணை மூடித் தொறக்குற நேரம் கழிச்சு மேல இருக்கிற கூடு தனியா எறங்குது. டங்குனு இரும்பு மேல உக்காருது. அந்த ரெண்டாவது அடிதான் என்னைய ஒடிக்குது."

"எந்தப் பக்கம்?"

"எனக்கு நேர் கீழ. இடது பக்கம் பின்னாடி. வலது பக்கம் முன்னாடியும் கொஞ்சம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் அதே ஜீப்பில்தான் தினமும் போகிறேன். எனக்குத் தெரிவது ஒரே குலுக்கல், அதற்கு முன் பக்கமும் பின் பக்கமும் கிடையாது. படுத்துக்கிடக்கிற பிள்ளை காலேஜ் ஆசையில் எதையாவது சொல்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் பெண்களை இறக்கிவிட்டு நேராக இம்மானுவேல் அண்ணன் பட்டறைக்குப் போய்விட்டார்.

இம்மானுவேல் அண்ணன் என் வீட்டுக்காரரோடு ஒன்றாகப் படித்தவர். அருப்புக்கோட்டைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கொட்டகையும்தான் அவர் பட்டறை. தறி முடிந்து அன்றைக்கு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அண்ணன் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் ஓடியது. கடப்பாரையைக் கொடுத்து எதையோ நெம்பினார். பிறகு கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு துண்டு. நான் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிற்று.

"இடது பக்கம் பின்னாடி" என்றார். "ரப்பரே இல்ல, தூளுதான் இருக்கு. வலது முன்னாடி பாதி தின்னுருச்சு. மத்ததெல்லாம் சப்பையாக் கெடக்கு. ஏலே விஜயா, எந்த மெக்கானிக்குலே ஒனக்குப் பாத்துச் சொன்னான்?"

"எம் மகதான் சொன்னா."

"அவ எப்ப வண்டிக்கு அடியில பாத்தா?"

"எங்கிட்டுப் பாத்தா? வீட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னா."

அண்ணன் வெளியே வந்து உட்கார்ந்தார். கையில் இருந்த கடப்பாரையைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். பெற்று வளர்த்த எனக்கே தெரியாத ஒன்று அந்தச் சின்ன உடம்புக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு அவர் விளக்கிச் சொன்னார். ஜீப் என்று நாம் பார்ப்பது உண்மையில் இரண்டு சாமானாம். அடியில் சக்கரமும் எஞ்சினும் தாங்குகிற இரும்புச் சட்டம், அதன் பெயர் சேஸ். அதன்மேல் நாம் உட்காருகிற கூடு, அது பாடி. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் கைமுட்டி அளவு ரப்பர் வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பாடி புஷ் என்பது அதன் பெயர். அது தேய்ந்து போனால் இரும்பின் மேல் இரும்பு விழும்.

"எல்லாத்தையும் மாத்தணும். பாடியத் தூக்கணும்" என்றார்.

தூக்குகிற அன்றைக்குத் தறிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். நம்பாதவள் நேரில் பார்க்கத்தானே வேண்டும். போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. முந்தின நாளே டீசல் விட்டு ஊறவைத்திருந்தார்கள், அப்படியும் ஒன்று அசையாமல் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. ஸ்டியரிங் கம்பியைக் கழற்றினார்கள், வயரைப் பிரித்தார்கள், டீசல் ஊற்றுகிற குழாயை விடுவித்தார்கள். ஒரு பக்க போல்ட்டுகளை எடுத்துவிட்டு, மறு பக்கத்தைத் தளர்த்தி மட்டும் விட்டார்கள். பாடிக்குக் கீழே ஒரு நீளக் கட்டையைக் கொடுத்து அதற்கடியில் ஜாக்கி வைத்தார்கள்.

"மெதுவா, மெதுவா" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். "அவசரப்பட்டா முறுக்கிக்கிரும்."

ஜாக்கி ஏற ஏற, தகரம் முனகியது. திடீரென்று வண்டிக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. இந்தப் பக்கம் நின்ற எனக்கு, ஜீப்புக்குள்ளே ஊடுருவி அந்தப் பக்கம் நிற்கிற வேப்பமரத்தின் தூர் தெரிந்தது. நான் ஓரடி பின்னால் போனேன். இத்தனை வருஷமாக ஒரே பொருள் என்று நம்பி ஏறி இறங்கிய வண்டி, வாய் திறந்ததுபோல இரண்டாகப் பிரிந்து நின்றது. நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கூடு அது. அதற்குள் பத்துப் பெண்களும் அவர்கள் தூக்குச்சட்டியும் ஊர்வம்பும் வேறு ஏறிக்கொள்ளும். எல்லாவற்றையும் தாங்கியது கைக்குள் அடங்குகிற கொஞ்சம் ரப்பர். கோயிலில் திரை விலகினால் கை தானாகக் குவியுமே, எனக்குக் குவிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிடப் போகிறார் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல மாற்றிக்கொண்டேன்.

அந்த மாடலுக்குப் புது புஷ் அருப்புக்கோட்டையில் கிடைக்கவில்லை. மதுரையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும், நாளாகும் என்றார் அண்ணன். வண்டி ஓடாவிட்டால் பெண்கள் வேலைக்குப் போக முடியாது. அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, எங்க தறியில பழைய பிக்கரு மூட்டையாக் கெடக்கு. அதை அறுத்து வச்சா என்ன?"

பிக்கர் என்பது விசைத்தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவை அடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிற ரப்பர்க் கட்டி. கல் மாதிரி இறுகியது. நாள் முழுக்க அடித்தாலும் அசராது. அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு அதன்மேல் அப்படியொரு நம்பிக்கை. எங்கள் ஊர்களில் கேட் சாத்தினால் முட்டுக்கொடுப்பது பிக்கர், பீரோ ஆடினால் காலுக்கடியில் வைப்பது பிக்கர், ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு பிக்கர். தேய்ந்துபோன உறவுக்கும் அதைத்தான் வைப்போம், வைக்க இடம் தெரிந்தால்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சி, இது எனக்குத் தோணலையே! யானை மிதிச்சாலும் தாங்குமே!" என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நாலு பேருக்கு முன்னால் என்னைப் பெருமையாகப் பார்த்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டு நானே ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். அளவாக அறுத்து, ஓட்டை போட்டு, வைத்து இறுக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது வேண்டுமென்றே அவளுடைய இடத்தில் உட்கார்ந்தேன். ஓடைப்பாலத்தில் அந்த டங் இல்லை. தகரச் சத்தம்கூட அடங்கியிருந்தது. நான் ராணி மாதிரி வந்து இறங்கினேன்.

நாகஜோதி நாற்காலியில் வாசலுக்கு வந்தாள். "ஏறிப் பாக்குறியா?" என்றார் அவர். நான் கத்துவதற்குள் அவளே தலையை ஆட்டிவிட்டாள்.

"இப்ப வேணாம்ப்பா. எஞ்சினை மட்டும் ஓட விடுங்க."

நாற்காலியை ஜீப்பை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். நல்ல கையை நீட்டி, பின் சீட்டுக்குக் கீழே தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். டாக்டர் நாடி பார்க்கும்போது வீட்டுக்காரர்கள் நிற்பதுபோல நாங்கள் இருவரும் நின்றோம்.

"சத்தம் போயிருச்சு" என்றாள். "அடி போகல."

"என்னடி சொல்ற? நான் உக்காந்து வந்தேன்ல!"

"உனக்கு நல்ல எலும்பும்மா." கண்ணைத் திறந்தாள். "தறியில இந்த ரப்பருக்கு என்ன வேலை?"

"நாடாவ அடிச்சு அந்தப் பக்கம் அனுப்பும்."

"அடிக்கிறதுதான் அதுக்கு வேலை. அதைக் கொண்டாந்து எனக்குக் கீழ வச்சிருக்க."

தகரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. அது கீழ இருந்து வாரதை அப்படியே மேல தள்ளி விடுது, கையில தெரியுது. நமக்குத் தள்ளி விடுறது வேணாம். வாங்கித் தனக்குள்ளயே வச்சுக்கிறது வேணும். மெத்துனு இருக்கணும்."

முதலில் வந்தது கோபம்தான். நான் சுமந்து வந்த பை, நான் வாங்கிய பாராட்டு. அடுப்படிக்குப் போய்ச் சோற்றை வடித்தேன். வடிக்கும்போது தறிச்சத்தம் காதுக்குள் கேட்டது. இருபது வருஷமாக அந்தக் கட்டிக்கு முன்னால் நிற்கிறேன். அது அடிப்பதைப் பார்க்காத நாள் கிடையாது. தொட்டு, மாற்றி, எண்ணெய் போட்டு, திட்டி எல்லாம் செய்திருக்கிறேன். தறி ஷெட்டுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத பிள்ளை, உள்ளங்கையை வைத்து அது யார் என்று சொல்லிவிட்டது. கஞ்சி கையில் கொட்டியது, சூடு தெரியவில்லை. இவளையா நான் கட்டிலோடு கட்டிப்போடப் பார்த்தேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனே தவிர, பயம் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

விஷயத்தைக் கேட்ட இம்மானுவேல் அண்ணன் மறுநாள் வீட்டுக்கே வந்தார். எதற்கும் கேலி பேசுகிற மனிதர், அன்றைக்கு நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, வேற என்ன தெரியுது, சொல்லு."

"கியர் பெட்டிக்கு மேல தகரம் எங்கயோ ஒரசுது மாமா. அது அடிக்கல, ஆனா நடுங்குது."

அவர் போய்ப் பார்த்தார். உரசியது. திரும்பி வந்து அவள் தலையில் கை வைக்கப்போய், பயந்து, நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் சொல்லிவைத்து மதுரையிலிருந்து புது ரப்பர் வந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே வாங்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தது. மறுபடி பாடியைத் தூக்கினார்கள், மறுபடி எனக்கு வேப்பந்தூர் தெரிந்தது. இந்த முறை அண்ணன் ஒரு போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கவில்லை. வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, பாடி தன் கனத்தில் ரப்பர்மேல் அமர்ந்த பிறகு, சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பாவில் இழை ஒன்று தளர்ந்து ஒன்று இறுகினால் துணி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஜீப் வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடியும் கையை வைத்தாள். பிறந்த குழந்தை அழுவதற்குக் காத்திருந்த அன்றைக்கு அப்புறம் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"இப்ப எஞ்சின் அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன்" என்றாள். சிரித்தாள்.

அப்படியும் நான் இறங்கி வரவில்லை. தோள் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். காலேஜ் திறக்கிற நாளும் வந்துவிட்டது. கை வைத்துப் பார்ப்பது வேறு, பாலத்தில் ஏறி இறங்குவது வேறு என்று முந்தின நாள் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீ வேணாம்னு சொல்லு, நான் போகல" என்றாள். "ஆனா இனிமே வண்டியச் சாக்குச் சொல்லாத. வண்டி சரியாயிருச்சு. பயமா இருக்குனு சொல்லு."

"பயமாத்தான்டி இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. ஒடியிறது என் எலும்புதானம்மா."

மறுநாள் காலையில் தலை வாரிப் பூ வைத்துவிட்டேன்.

தறிப்பெண்கள் எங்களுக்கு முதல் டிரிப்பை விட்டுக்கொடுத்து, அடுத்ததில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பின் சீட்டில் அவள், பக்கத்தில் நான். இரண்டு பக்கமும் கரிசல் வெறுமையாகக் கிடந்தது, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். ரோட்டில் மேடு பள்ளம் எதுவும் மாறவில்லை, ஆனால் எல்லாம் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல வந்தது. எனக்கு அது எதுவும் தைரியம் தரவில்லை. ஓடைப்பாலம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை நடக்கவிட்டார்.

"எப்பா, எப்பவும் போற மாதிரிப் போங்க. தினமும் இப்படி நகட்டிக்கிட்டிருந்தா அக்காமாரு எப்ப வேலைக்குப் போறது?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கியரை மாற்றினார். வண்டி ஏறியது. சக்கரம் இறங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். அவள் சொன்ன அந்தக் கண் மூடித் திறக்கிற நேரத்தை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் நானும் உணர்ந்தேன். அவ்வளவு நீளமாக இருந்தது. அதன் முடிவில் எதுவும் வரவில்லை. பெரிய உடம்புக்காரி பாயில் உட்காருவதைப் போல ஜீப் மெதுவாக அமர்ந்துகொண்டது.

பாலத்தைத் தாண்டி அவர் வண்டியை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை அவருக்கு.

"ஜோதி?" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

"எங்கடி? எங்க வலிக்குது?"

"கையில."

"வண்டிதான் அடிக்கலையே!"

"வண்டி இல்லம்மா. நீ."

குனிந்து பார்த்தேன். என் ஐந்து விரலும் அவளுடைய மேல்கையைச் சுற்றி இறுகியிருந்தன. முட்டி வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன், எங்கிருந்து பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்துனா ஒடிஞ்சிரும்" என்றாள். வலியோடுதான் சொன்னாள், ஆனால் கோபம் இல்லை. "விட்டுரும்மா."

ஒவ்வொரு விரலாக எடுத்தேன். அவள் தோலில் ஐந்து சிவப்புத் தடம் கிடந்தது. கையை மெதுவாக மடக்கினாள், நீட்டினாள். "ஒண்ணும் ஆகல" என்றாள். இத்தனை நாளும் வண்டிக்கடியிலும் ரோட்டிலும் தேடிக்கொண்டிருந்தோம். அவளை ஒடிக்கக்கூடிய ஒன்று பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.

கதவைத் திறந்து இறங்கினேன். சுற்றி வந்து முன் சீட்டில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"போங்க" என்றேன்.

ஜீப் கிளம்பியது. கைகள் இரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டேன். பின்னால் என் மகள், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, யாரும் பிடித்துக்கொள்ளாமல் ஓடுகிற வண்டியில் தனியாக உட்கார்ந்து வந்தாள். காலேஜ் வாசல் வரும்வரை நான் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.